ஐபிஎம் 029 கீபஞ்ச்: டிரம்முக்கு முழு மதிப்பெண், தப்பைத் திருத்துவதற்குப் பாஸ் மார்க்கூட இல்லை

கணினிக்குக் கொடுக்க வேண்டிய எழுத்தையும் எண்ணையும் அட்டையில் துளைகளாகப் போடும் மெஷின்தான் கீபஞ்ச். ஐபிஎம் 029-இல் ஒரு விசையைத் தட்டிய மறுகணம் அட்டையில் துளை விழுந்துவிடும். விழுந்த துளையை அடைக்க வழியே கிடையாது. 1964-ல் சிஸ்டம்/360 கணினிகளோடு வந்த இந்த மெஷினின் நல்லதும் கெட்டதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் நிற்கின்றன. கணினியை வாங்கியவர்கள் அதன் வேகத்தைப் பேசினார்கள். ஆனால் சம்பளக் கணக்கோ சரக்குப் பட்டியலோ கணினிக்குள் போவதற்கு முன்பு, ஓர் அறை நிறைய ஆபரேட்டர்கள் அதை அட்டையில் அடித்தாக வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் இந்த மெஷின் எப்படி என்பதுதான் இங்கே கேள்வி.

முதலில் பாராட்டு. அட்டையில் இடமிருந்து வலமாக 80 கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் 12 துளைக்கு இடம் (மேலிருந்து கீழாக 12, 11, 0, பிறகு 1 முதல் 9 என்று அவற்றுக்குப் பெயர்). மெஷின் மேல்பகுதியில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்ன டிரம் இருக்கும். அதில் ஒரு கட்டுப்பாட்டு அட்டையைச் சுற்றி மாட்டினால், எங்கே எழுத்து, எங்கே எண், எங்கே தாண்ட வேண்டும், எங்கே முந்தைய அட்டையைப் பார்த்து நகலெடுக்க வேண்டும் என்பதை மெஷினே கவனித்துக்கொள்ளும். வேலைநேர அட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 1 முதல் 5 வரை பணியாளர் எண், 6 முதல் 25 வரை பெயர், 26 முதல் 31 வரை தேதி, 32 முதல் 35 வரை வேலை செய்த மணி, மீதி காலி. கட்டுப்பாட்டு அட்டையில் ஒவ்வொரு பகுதியின் முதல் கட்டத்தைத் தவிர மற்ற எல்லாக் கட்டத்திலும் 12-ஆம் துளை. அதற்கு "பகுதி இன்னும் முடியவில்லை" என்று பொருள். பெயருக்கான 20 கட்டத்திலும் கூடவே 1-ஆம் துளை, எழுத்துக்காக. 26-ல் 0 துளை, தேதியை நகலெடுக்க. 36-ல் 11-ஆம் துளை, கடைசிவரை தாண்ட. எண் அடிக்கும் பகுதிகளின் முதல் கட்டம் வெறுமையாகவே இருக்கட்டும்.

இதனால் கைக்கு எவ்வளவு மிச்சம்? எட்டு எழுத்துப் பெயர் என்று வையுங்கள். டிரம் இல்லாமல் 35 கட்டத்தையும் அடித்து, அட்டையை நகர்த்திவிடும் ரிலீஸ் விசையை அழுத்த வேண்டும்: 36 தட்டு. எண் வரும்போதெல்லாம் நியூமெரிக் விசையை இடக்கை பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், அது தனி வேதனை. டிரம்மோடு 5, 8, பெயரின் மிச்சத்தைத் தாண்ட ஒரு ஸ்கிப், பிறகு 4: மொத்தம் 18. சரிபாதி.

டிரம்மில் தப்பு நடக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, பெயர்ப்பகுதியில் ஏதோ ஒரு கட்டத்தில் 1-ஆம் துளை விட்டுப்போவது. அந்தக் கட்டம் எண்ணாகவே இருக்கும். எண்கள் வலக்கைப் பக்க எழுத்து விசைகளிலேயே அமைந்திருப்பதால் 'கே' அடித்தால் 5 விழும், 'எம்' அடித்தால் 7. சத்தமில்லாமல் நடக்கும் தப்பு இது. ஆகவே புதுக் கட்டுப்பாட்டு அட்டையை மாட்டியதும் பெயரின் 20 கட்டத்தையும் நிரப்பி ஓர் அட்டை அடித்துப் பார்த்துவிட வேண்டும். இன்னொன்று, துளைகளைத் தடவிப் படிக்கும் நட்சத்திரச் சக்கரங்களைத் தூக்காமல் டிரம்மைக் கழற்றுவது. சக்கரம் கெடும். லீவரை முதலில் தொடு, டிரம்மைப் பிறகு தொடு.

தேதிப் பகுதிக்கு இன்னும் கொஞ்சம் கவனம். நகலெடுக்க முந்தைய அட்டை வேண்டுமே! அட்டைக் கட்டின் முதல் அட்டைக்கு, தானாகத் தாண்டவும் நகலெடுக்கவும் வைக்கும் ஆட்டோ ஸ்கிப் டூப் சுவிட்சை அணைத்துவிட்டு, தேதியைக் கையால் அடிக்க வேண்டும். அந்த முதல் அட்டையில் தேதி தவறினால் கட்டு முழுவதும் தவறும்.

இனி குறை. 34-ஆம் கட்டத்தில் விரல் பிசகிவிட்டது. ரிலீஸ் அழுத்தினால் கெட்ட அட்டை இடப்பக்கம் படிக்கும் நிலைக்குப் போகும், புது அட்டை துளையிடும் நிலைக்கு வரும். நட்சத்திரச் சக்கரங்களைத் தூக்கிவிட்டு, நகலெடுக்கும் டூப் விசையைப் பிடித்துக்கொண்டு, டிரம்முக்குக் கீழே இருக்கும் கட்டம் காட்டியில் 34 வந்ததும் விட்டுவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் தப்பும் சேர்ந்து நகலாகும், மறுபடி முதலிலிருந்து. அதைவிட ஆபத்து, கெட்ட அட்டை கட்டிலேயே தங்கிவிடுவது. ஒரே ஆளுக்கு இரண்டு வேலைநேர அட்டை போய்ச் சேரும். அட்டை வெளியே வந்தவுடன் எடுத்துக் கிழித்துப் போடுவதைத் தவிர இதற்கு வேறு பாதுகாப்பில்லை. அட்டையின் கடைசிக் கட்டங்கள் நெருங்க நெருங்க விரல் இறுகுவது இயல்புதான். அங்கே ஒரு பிசகு என்றால் அட்டையே போச்சு.

இதன் ஜோடி 059 வெரிஃபையர். தகவல் எழுதிய அதே தாளை வைத்துக்கொண்டு இன்னொரு ஆபரேட்டர் அதே அட்டையை மறுபடி அடிப்பார். இது துளை போடாது, ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தவில்லை என்றால் விளக்கு எரிந்து விசைப்பலகை பூட்டிக்கொள்ளும். மூன்றாவது முயற்சியிலும் பொருந்தாவிட்டால் அந்தக் கட்டத்துக்கு மேலே அட்டை விளிம்பில் ஒரு வெட்டு விழும். எல்லாம் சரியென்றால் வலது ஓரத்தில் வெட்டு. கட்டைச் சீராகத் தட்டி வலது ஓரத்தைப் பார்த்தால் வெட்டில்லாத அட்டை தனியாகத் தெரியும், அருமையான ஏற்பாடு. ஆனால் உழைப்பு இரட்டிப்பு. மேலும், தாளிலேயே எழுத்து புரியாவிட்டால் இருவரும் ஒரே தப்பைச் செய்யலாம், மெஷினும் சரி என்றே சொல்லும். கையெழுத்தில் 1-ம் 7-ம், பூஜ்யமும் 'ஓ' எழுத்தும் குழம்பும். பூஜ்யத்தின் குறுக்கே கோடு போடுவது போன்ற விதியைத் தாள் எழுதும் இடத்திலேயே கட்டாயமாக்க வேண்டும். அதை விட்டுவிட்டு ஆபரேட்டர் தலையில் பழியைப் போடுவது அநியாயம்.

உடம்புக்கு எப்படி? விசைப்பலகை பெட்டியோடு ஒட்டாமல் மேசைமேல் நகர்த்தக்கூடியது. அது நல்ல விஷயம். ஆனால் எண்ணெல்லாம் வலக்கையில் விழுவதால் தாள் இடப்பக்கம் போய்விடும், கழுத்து மணிக்கணக்கில் ஒரே பக்கம் திரும்பியிருக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் துளையிடும் சத்தம் வேறு. ஓர் அறையில் வரிசையாகப் பத்து மெஷின் ஓடினால் பேச்சு கேட்காது. ஜப்பானில் கீபஞ்ச் ஆபரேட்டர்களின் கை, தோள், கழுத்து வலி பெரிய பிரச்சினையாகி, 1964-லேயே தொழிலாளர் அமைச்சகம் வரம்பு வகுத்தது: நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, மணிக்கு 10 நிமிடம் ஓய்வு, நாளுக்கு 40,000 தட்டுக்குள். மேலே சொன்ன அட்டைக்கு இந்தக் கணக்கைப் போட்டால் டிரம் இல்லாமல் 1,111 அட்டை, டிரம்மோடு 2,222. ஆனால் அந்த மிச்சத்தை ஓய்வாகக் கொடுப்பதா, கூடுதல் அட்டையாகக் கேட்பதா என்பது மேற்பார்வையாளர் கையில்.

ஈரக்காற்று இதற்கு ஆகாது. அட்டை ஊதி வளைந்து உள்ளே சிக்கும். வெற்று அட்டைகளை அடுக்கும் ஹாப்பரில் வைப்பதற்கு முன் கட்டை விசிறிவிட்டு, ஓரம் மழுங்கியதைக் கழித்துவிடுங்கள். இதற்கு முந்தைய மாடலான 026-ம் இதுவும் கலந்து ஓடும் இடத்தில் குறிகளையும் பாருங்கள்: 026-ன் ஃபோர்ட்ரான் (நிரல்மொழி) வகையில் 12-ஆம் துளை கூட்டல் குறி, 029-ல் அதே துளை ஆம்பர்சண்ட் (&).

தப்பைத் திருத்தும் குறையை ஐபிஎம்மே பிறகு 129-ல் தீர்த்தது. அதில் 80 கட்டமும் முதலில் நினைவகத்தில் சேரும். பின்னால் போய்த் திருத்தலாம். ரிலீஸ் அழுத்திய பிறகே துளை. சரிபார்ப்பதற்கும் அதே மெஷின் போதும். இன்று பழைய மெஷினைப் பழுதுநீக்கி ஓட்ட நினைப்பவர், அதில் நிஜமாகவே அட்டை அடிக்கப்போகிறார் என்றால், 129 கிடைக்கும்போது 029-ஐத் தேட வேண்டாம். டிரம் எப்படி வேலை செய்கிறது என்று கண்ணால் பார்க்கத்தான் ஆசையென்றால் 029-ஐயே வாங்குங்கள். டிரம்மும், அதில் கட்டுப்பாட்டு அட்டையை இறுக்கிப் பிடிக்கும் பட்டையும் கூடவே இருக்கின்றனவா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.