பிரேக் பெடல் மெத்தென்று இறங்குகிறதா: காற்றா, மாஸ்டர் சிலிண்டரா?

பெடல் தளர்ந்துவிட்டால் ஒர்க்‌ஷாப்பில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள்: ஏர் பிளீடிங் (பிரேக் ஆயில் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவது) செய்யலாம், அல்லது மாஸ்டர் சிலிண்டரை (பெடலை மிதிக்கும்போது ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பாகம்) மாற்றலாம். செலவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம். அதனால் முதலில் வண்டியை நிறுத்திவைத்து, இன்ஜினை ஓடவிட்டு, பெடலை நீங்களே மிதித்துப் பாருங்கள்.

நாலைந்து முறை வேகமாக மிதித்ததும் பெடல் மேலே வந்து இறுகுகிறதா? அநேகமாக லைனில் காற்று. (பின்சக்கர டிரம்மில் பிரேக் ஷூ தேய்ந்து இடைவெளி கூடினாலும் இப்படித்தான் இருக்கும், அதையும் பார்த்துவிடுங்கள்.) ஒரே அழுத்தத்தில் பிடித்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால் கதை வேறு. சக்கரங்களின் உட்புறத்திலும் குழாய்களிலும் கசிவு இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் சீல் போயிருக்கிறது. அதை எத்தனை முறை பிளீட் செய்தாலும் பயனில்லை.

காற்றுதான் என்றால் பிளீடிங் போதும். அப்போது பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் வற்றவே கூடாது. வற்றினால் மறுபடி காற்று ஏறிவிடும். பழைய வண்டியில் பெடலைத் தரைவரை மிதிக்காதீர்கள். சிலிண்டருக்குள் துருப்பிடித்த பகுதியில் உரசி, நல்ல சீலும் கிழியலாம். டாட் 4 ஆயில் (பிரேக் ஆயிலின் ஒரு தரம்) புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும், ஈரம் ஏறியபின் 155 தான். ஆகவே பழைய ஆயிலை முழுவதும் மாற்றிவிடுங்கள்.

சீல் போயிருந்தால், சீலை மட்டும் மாற்றும் ரிப்பேர் கிட்டை விட முழு சிலிண்டரையே மாற்றுவேன். அதுவரை வண்டியை எடுக்க வேண்டாம்.