குடல் சுவரும் பாக்டீரியாவும்: டிரான்ஸ்வெல்லா, ஆர்கனாய்டா, சிப்பா?

ஆய்வகத்தில் குடல் சுவரைப் போலச்செய்யும் இந்த மூன்று மாதிரிகளில் எது நல்லது என்பதற்கு முன், உயிருள்ள பாக்டீரியாவைக் குடல் செல்களோடு எத்தனை மணி நேரம் சேர்த்து வைக்கப் போகிறோம் என்று முடிவுசெய்ய வேண்டும். ஈ.கோலை போன்றவை சத்தான ஊடகத்தில் அரை மணிக்குள் இரட்டிக்கும். செல்களால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது.

சில மணி நேரம் போதுமென்றால் டிரான்ஸ்வெல், அதாவது வளர்ப்புத் தட்டின் கிணற்றுக்குள் (குழிக்குள்) தொங்கும், அடியில் நுண்துளைச் சவ்வுள்ள கிண்ணம். 0.4 மைக்ரோமீட்டர் துளைச் சவ்வில் சதுர செ.மீ.க்குச் சுமார் 1 லட்சம் காக்கோ-2 செல்களை விதைத்து, இரண்டு நாளுக்கொரு முறை ஊடகம் மாற்றி, 21 நாள் வளர்க்க வேண்டும். (இந்தச் செல்கள் வந்தது பெருங்குடல் புற்றிலிருந்து, முதிர்ந்தபின் நடந்துகொள்வதோ சிறுகுடல் செல் போல.) செல் அடுக்கின் இறுக்கத்தைக் காட்டும் மின்தடை, வெற்றுச் சவ்வின் அளவைக் கழித்தபின் 300 ஓம் சதுர செ.மீ.க்குக் கீழே நின்றால் அந்தக் கிணற்றை ஒதுக்கிவிடலாம். பாக்டீரியா சேர்ப்பதற்கு ஒரு நாள் முன்பே பெனிசிலின்-ஸ்ட்ரெப்டோமைசின் (பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகள்) இல்லாத ஊடகத்துக்கு மாற்றிவிட வேண்டும். அதன்பின் ஒரு செல்லுக்கு 10 முதல் 100 பாக்டீரியா.

பலரும் சறுக்குவது இதற்குப் பிறகுதான். ஊடகம் மஞ்சளாகி (அமிலமாகிவிட்டதன் அடையாளம்) மின்தடை சரிந்ததும் ‘பாக்டீரியா தடுப்பை உடைத்துவிட்டது’ என்று எழுதிவிடுகிறார்கள். வெறும் அமிலமே அதைச் செய்யும். வெப்பத்தால் கொன்ற பாக்டீரியா, பாக்டீரியா வளர்ந்த ஊடகத்தை 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்து அமிலத்தன்மையைச் சரிசெய்த திரவம் ஆகிய இரண்டும் ஒப்பீட்டுக்காகப் பக்கத்தில் ஓடாவிட்டால் அந்த முடிவை நம்ப வேண்டியதில்லை.

இன்னொரு குறை, காக்கோ-2 செல்லுக்குச் சொல்லும்படியான கோழைப் படலம் கிடையாது. ஆரோக்கியமான பெருங்குடலில் உட்கோழை அடுக்கு பாக்டீரியாவைச் செல்லை நெருங்கவே விடாது. இங்கே அவை நேரே ஒட்டிக்கொள்கின்றன. 9 பங்கு காக்கோ-2-க்கு 1 பங்கு எச்டி29-எம்டிஎக்ஸ் என்ற கோழை சுரக்கும் செல்கள் கலந்தால் கோழை வரும், ஆனால் அது பெரும்பாலும் இரைப்பை வகைக் கோழை.

குடலில் கோழை சுரக்கும் அசல் கோப்பைச் செல்கள் வேண்டுமென்றால் ஆர்கனாய்டுதான், அதாவது தண்டுச் செல்லிலிருந்து வளரும் குட்டிக் குடல் உருண்டை. 2009-இல் எலிக் குடலின் தண்டுச் செல்லிலிருந்து வளர்த்துக் காட்டப்பட்ட முறை இது. சிக்கல் என்னவென்றால், குடலின் உட்பக்கம் உருண்டைக்குள் அடைபட்டுக் கிடக்கும். நுண்ணூசியால் பாக்டீரியாவைச் செலுத்தலாம். கசிந்தால் கிணறு முழுக்கக் கெடும். ஆர்கனாய்டைப் பிரித்துச் சவ்வில் ஒற்றை அடுக்காகப் பரப்புவதே என் பரிந்துரை. முதல் இரண்டு நாள் செல் சாவைத் தடுக்கும் ஒய்-27632 என்ற மருந்தை 10 மைக்ரோமோலார் அளவில் சேர்க்காவிட்டால், தனித்துப்போன செல்கள் செத்துவிடும்.

நாள்கணக்கில் சேர்த்து வளர்க்க ஏற்றது சிப், அதாவது செல் வளரும் சவ்வுக்கு மேலும் கீழும் உள்ள நுண்தடங்களில் ஊடகம் ஓடிக்கொண்டே இருக்கும் சிறு சாதனம். 2012-இல் வந்த குடல் சிப்பில் மணிக்கு 30 மைக்ரோலிட்டர் ஓட்டமும், குடல் அசைவைப் போலச் சவ்வை இழுத்துவிடும் 10 சதவீத நீட்சியும் உண்டு. மிதக்கும் பாக்டீரியா அடித்துச் செல்லப்படுவதால் லாக்டோபேசில்லஸ் ஒரு வாரத்துக்கு மேல் செல்களோடு வாழ்ந்தது. ஒரு காற்றுக்குமிழி வந்தால் போதும், செல் அடுக்கு உரிந்துவிடும். சிலிக்கோன் சுவர் ஆக்சிஜனைக் கசியவிடுவதால், ஃபீக்கலிபாக்டீரியம் போன்ற காற்றில்லா இனங்களுக்குச் சிப்பை நைட்ரஜன் அறைக்குள் வைத்து, செல்லுக்கு வேண்டிய ஆக்சிஜனைக் கீழ்த்தடம் வழியாக மட்டும் கொடுக்க வேண்டும்.