ஒரு பழைய சேலை, மூன்று வழிகள்: கந்தா, கவந்தி, பஞ்சு வைத்த குயில்ட்

பருத்திச் சேலை ஒன்று ஐந்தரை மீட்டர். குறுக்கே மூன்றாக வெட்டினால் 183 செ.மீ. நீளமும் சுமார் 115 செ.மீ. அகலமும் கொண்ட மூன்று துண்டுகள். ஓர் ஆள் போர்த்திக்கொள்ள அளவெடுத்து நெய்தது போலவே இருக்கும். அதை வைத்துக் கையால் ஒரு போர்வை தைக்க நினைப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு. பழந்துணிகளை அடுக்கி வரிசை வரிசையாகத் தைக்கும் வங்காளத்துக் கந்தா ஒன்று. கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பகுதியில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் ஒட்டுத்துணிகளை வைத்துத் தைக்கும் கவந்தி இன்னொன்று. மூன்றாவது, நடுவில் பஞ்சு விரிப்பு வைத்து வளையத்தில் பூட்டித் தைக்கும் அமெரிக்க பாணிக் குயில்ட்.

படங்களைப் பார்த்தால் வித்தியாசம் வேலைப்பாட்டில் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அது தொய்வில் இருக்கிறது. அடுக்கிய துணியில் போடும் ஒவ்வொரு தையலும் துணியை மயிரிழை அளவு சுருக்கும். மேல்துணியும் அடித்துணியும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. மிஞ்சும் துணி எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். கந்தா அதை வரிசைக்கு வரிசை சின்ன அலைகளாக விழுங்கிவிடுகிறது. பஞ்சு வைத்த குயில்ட் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒதுக்குகிறது. கவந்தி ஓரத்தில் ஆரம்பித்து நடுவை நோக்கிப் போவதால், தொய்வும் கூடவே நடுவுக்கு வந்து சேர்கிறது. எந்த முறையில் எங்கே தப்பு நேரும் என்பது பெரும்பாலும் இதைப் பொறுத்ததே.

முதலில் துணி. மல்மல், வாயில் போன்ற மெல்லிய சேலைகளில் ஊசி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். கெட்டியான செட்டிநாட்டுச் சேலையை மூன்று அடுக்கு வைத்தால் அரை மணி நேரத்தில் விரல்நுனி வலிக்கும். அதை அடித்துணியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இடுப்பில் செருகிய பகுதியும் பின் குத்திய இடமும் சல்லடையாகத் தெரிந்தால் அந்தத் துண்டு உள்ளே போகட்டும். இழுத்தால் சரசரவென்று கிழியும் சேலை எந்த அடுக்குக்கும் ஆகாது, அது கரித்துணிதான். எல்லாத் துணியையும் தைக்கும் முன்பே அலசிக் காயவைக்க வேண்டும். கருஞ்சிவப்புச் சுங்குடியை ஈரமாக ஒரு வெள்ளைத் துணிமேல் வைத்து அழுத்திப் பார்க்காமல் சேர்த்தால், முதல் துவைப்பிலேயே போர்வை முழுக்க ரோஜா நிறமாகிவிடும்.

கந்தாவுக்கு அந்த மூன்று துண்டுகளே போதும். கந்தா என்ற பெயரே கந்தல் துணியைக் குறிப்பதுதான். நம் கந்தைக்கு நெருங்கிய உறவு. வங்கத்தில் பழைய சேலையின் கரையிலிருந்து வண்ண நூலை உருவி அதைக் கொண்டே தைத்தார்கள். இன்று கடையில் கிடைக்கும் ஆறு இழை எம்பிராய்டரி நூலில் இரண்டிழை பிரித்துக்கொண்டால் போதும். துண்டுகளைத் தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, நடுவிலிருந்து உள்ளங்கையால் நீவி, ஓரங்களை ஒட்டும் நாடாவால் தரையோடு பிடித்துவைக்க வேண்டும். பிறகு நீளத்திலும் அகலத்திலும் 15 செ.மீ. இடைவெளியில், பின்னால் பிரித்தெடுக்கக்கூடிய பெரிய தையல்கள். இந்த வேலையில் சோம்பல்பட்டால் அடித்துணியில் மடிப்பு விழும். அது மேலே தெரியாது. எண்பது வரிசை தைத்தபின் திருப்பிப் பார்க்கும்போதுதான் தெரியும்.

ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டே போகும் ஓட்டுத் தையல் ஒன்றுதான், வேறு தையல் கிடையாது. அங்குலத்துக்கு 5 அல்லது 6. நீளமான எம்பிராய்டரி ஊசியில் நாலைந்து தையலைக் கோத்துக்கொண்டு ஒரே இழுப்பில் இழுக்கலாம். வரிசைக்கு வரிசை 6 மி.மீ. விட்டால் 110 செ.மீ. அகலத்துக்கு 183 வரிசை, ஏறத்தாழ 335 மீட்டர் தையல். 8 மீட்டர் நூற்கண்டில் இரண்டிழையாக 24 மீட்டர் கிடைக்கும். தேய்மானம் சேர்த்து 17 கண்டு வாங்கி வைக்கவும். ஒரே நிறமென்றால் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்குவது நல்லது, அடுத்த மாதச் சாயம் பொருந்தாமல் போகலாம். வரிசைக்குக் கால் மணி என்று கணக்கிட்டால் 46 மணி நேரம். இந்த நேரம் முழுவதும் கை ஒரே அசைவைத்தான் செய்யும். கண் மட்டும் அவ்வப்போது பக்கத்து வரிசையைப் பார்க்கும். மனசு எங்கே வேண்டுமானாலும் போய்வரலாம்.

அந்த அலை எப்படி வருகிறது? பக்கத்து வரிசையின் தையலுக்கு நேராகவே தையல் விழுந்தால் மேடும் பள்ளமுமாகக் கோடுகள் எழும். செங்கல் அடுக்குவது போல மாற்றி மாற்றி விழுந்தால் சீரான குழிகள். இரண்டும் அழகுதான், நடுவில் மாற்றினால்தான் அசிங்கம். எல்லா வரிசையையும் ஒரே திசையில் தைத்தால் போர்வை மெல்லச் சாய்ந்து, செவ்வகம் கோணிக்கொள்ளும். ஒரு வரிசையை இந்த முனையிலிருந்தும் அடுத்ததை அந்த முனையிலிருந்தும் தொடங்கினால் இது நேராது. ஒவ்வொரு வரிசை முடிந்ததும் துணியை இரண்டு கையாலும் அந்த வரிசையின் போக்கில் இழுத்துவிட்டு, சுருக்கம் சமமான பிறகே நூலை நிறுத்த வேண்டும். ஓரத்தில் 5 செ.மீ. தைக்காமல் விட்டு, கடைசியில் நடுத்துணியைக் கொஞ்சம் வெட்டிக் குறைத்து, மேல்துணியையும் அடித்துணியையும் உள்பக்கம் மடித்து மூடலாம். முதலிலேயே நாலு பக்கமும் மூடிவிட்டால் தொய்வுக்குப் போக வழியில்லாமல் மூலையில் முட்டிக்கொண்டு நிற்கும்.

கவந்திக்கு இந்த முன்தயாரிப்பு எதுவும் வேண்டாம். அளவெடுத்து வெட்டுவது இல்லை, துண்டுகளை முதலில் இணைப்பது இல்லை, தற்காலிகத் தையலும் இல்லை. சேலைத் துண்டு ஒன்றை விரித்து, அதன் ஓரத்தை 1 செ.மீ. உள்பக்கம் மடித்து, மூலையில் முதல் ஒட்டுத்துணியை அதன் இரண்டு விளிம்புகளும் மடிந்திருக்கும்படி வைத்துத் தைக்கத் தொடங்கலாம். அடுத்த துணியின் விளிம்பை மடித்து முந்தையதன்மேல் ஒரு விரல்கடை ஏற்றி வைத்து, ஊசி அப்படியே தொடரும். ஓரத்தைச் சுற்றி வந்ததும் ஒரு செ.மீ. உள்ளே தள்ளி அடுத்த சுற்று. துணியை ஒட்டுவதும் அடுக்கைப் பிணைப்பதும் ஒரே தையல். நான்கு மூலைகளிலும் சிறு துணிகளை முக்கோணமாக மடித்து, அடுக்கி வைத்துத் தைப்பார்கள். ‘ஃபூலா’, அதாவது பூ, என்று பெயர். அது இல்லாத கவந்தியைச் சித்திப் பெண்கள் முடிந்ததாகக் கருதுவதில்லை.

சிக்கல் நடுவில். ஒவ்வொரு சுற்றும் அடித்துணியை இறுக்குவதால், கடைசி இரண்டு அடி வரும்போது நடு அப்பளம் போல உப்பி நிற்கும். நாலு சுற்றுக்கு ஒருமுறை தரையில் பரப்பிப் பார்க்க வேண்டும். நூலைச் சுண்டி இழுக்கக் கூடாது. உப்பிவிட்டால் பிரிக்க வேண்டியதில்லை: அடித்துணியில் சின்னக் கொசுவம் ஒன்று பிடித்து, அதன்மேல் அடுத்த ஒட்டை வைத்துத் தைத்துவிடலாம். பின்பக்கம் ஒரு மடிப்பு தெரியும், அவ்வளவுதான். பிழையைத் தாங்கிக்கொள்ளும் முறை என்ற வகையில் மூன்றில் இதுவே முதலிடம். புதிதாக ஊசி பிடிப்பவர் இதில் ஆரம்பிப்பதே சரி. கந்தாவை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம்.

பஞ்சு வைத்த குயில்ட் வேறு சுபாவம். அதற்குக் கணக்கு வேண்டும். மூன்றரை அங்குலச் சதுரங்களை, மடிப்புக்குக் கால் அங்குலம் விட்டு இணைத்தால், தைத்தபின் மூன்று அங்குலம். இதே அளவுப் போர்வைக்கு 15 பெருக்கல் 24, ஆக 360 சதுரங்கள். கால் அங்குலத்தில் ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் ஒவ்வோர் இணைப்பிலும் 2 மி.மீ. போகும், நீளவாக்கில் உள்ள 23 இணைப்புகளில் நாலரை செ.மீ. காணாமல் போகும். அமெரிக்காவிலும் எல்லாரும் இப்படி அளவு பார்த்துத் தைத்தவர்கள் அல்லர். அலபாமாவின் ஜீஸ் பெண்ட் ஊர்க் கறுப்பினப் பெண்கள் பழைய வேலையுடுப்புகளைக் கிழித்து, கண்ணளவிலேயே தைத்த குயில்ட்கள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் சுவரில் தொங்கின. ஆனால் சதுரம் சதுரமாகக் கோடு பொருந்த வேண்டுமென்றால் மில்லிமீட்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.

அடித்துணி நான்கு பக்கமும் 4 அங்குலம் பெரிதாக வேண்டும். சேலை அகலம் அதற்குப் போதாது. இரண்டு அகலங்களை ஒட்டுப்போட வேண்டியிருக்கும். நடுவில் வைக்க இலவம்பஞ்சு ஆகவே ஆகாது. அதன் இழை வழுவழுப்பானது, ஒன்றையொன்று பற்றாது. துவைத்தால் மூலையில் உருண்டையாகச் சேரும். விரிப்பாகக் கிடைக்கும் பருத்திப் பேட்டிங் சரி, பழைய ஃபிளானல் துணியும் சரி. வளையத்தை எம்பிராய்டரிக்குப் பூட்டுவது போல முரசாக இறுக்கக் கூடாது. துணியில் கொஞ்சம் தளர்வு இருந்தால்தான் குட்டையான ஊசியை நிமிர்த்திக் குத்தி, அடியிலிருக்கும் விரல் நுனியை உணர்ந்து, மேலும் கீழுமாக ஆட்டித் தைக்க முடியும். நடுவிரலில் உலோக உறை இல்லாமல் இதைச் செய்ய முயல வேண்டாம். முடிச்சை மேல்துணி வழியாகச் சுண்டி உள்ளே இழுத்தால் பஞ்சு பிடித்துக்கொள்ளும். இந்த வித்தை பஞ்சில்லாத கந்தாவில் பலிக்காது, மெல்லிய துணியில் முடிச்சு மறுபடி வெளியே வந்துவிடும். அங்கே முடிச்சுக்குப் பதில் ஒரே இடத்தில் இரண்டு தையல் பின்னோக்கிப் போட வேண்டும்.

நேரக் கணக்கைப் போட்டால் ஒரு விசித்திரம் தெரியும். 360 சதுரத்தை இணைக்க 56 மீட்டர் தையல். 10 செ.மீ. இடைவெளியில் தற்காலிகத் தையல் 40 மீட்டருக்குமேல். அதன்பிறகுதான் குயில்ட் தையல்: சதுரங்களின் மூலைக்கு மூலை குறுக்கும் நெடுக்குமாகப் போட்டால் 78 மீட்டர். ஆசைப்பட்டு வந்த வேலையைவிட அதற்கு முந்தைய வேலை அதிகம். துண்டுகளை வெட்டி, இஸ்திரி போட்டு, நிறம் பொருத்துவதில் ருசி உள்ளவருக்கு இது நஷ்டமில்லை. ஊசி ஓடும் சுகத்துக்காக வருபவர் ஒரு மாதத்தில் சலித்து, சதுரங்களை மஞ்சப்பையில் போட்டு மேலே வைத்துவிடுவார். வேண்டுமானால் இணைப்பை மட்டும் மெஷினில் முடிக்கலாம், அதில் குறையொன்றுமில்லை.

வெயிலையும் மறக்கக் கூடாது. மூன்றடுக்குக் கந்தா சென்னையில் மின்விசிறிக்கடியில் வருஷம் முழுக்க உதவும். கவந்தியும் அப்படித்தான், ஒட்டு அடர்ந்த இடங்களில் மட்டும் சற்றுக் கனம். பஞ்சு வைத்தது ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஏசி அறைக்கும்தான்.

முடிந்ததும் மூன்றையும் குளிர்ந்த நீரில் கையால் அலசி, முறுக்காமல், கொடியில் தொங்கவிடாமல், பாய்மேல் விரித்து நிழலில் காயவைக்க வேண்டும். ஈரப் போர்வை கொடியில் தொங்கினால் அதன் கனமே தையலை ஒரு பக்கமாக இழுத்துவிடும். காய்ந்தபின் கந்தா சில செ.மீ. சுருங்கியிருக்கும், அலை இன்னும் எடுப்பாகத் தெரியும்.