ஒற்றைத் தலைவலியை வேரோடு தீர்ப்பதாகச் சொன்னார்கள், 18,500 ரூபாய் போனது

வயிறு எரிய எரிய எழுதுகிறேன். 18,500 ரூபாய். சீட்டு எடுத்து, பையனுடைய ஸ்கூல் ஃபீஸுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணம். அவர்கள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள் என்பது நேற்று மதியம்தான் தெரிந்தது.

எனக்கு ஒற்றைத் தலைவலி 11 வருஷமாக இருக்கிறது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். மாதக் கடைசி வந்தால் நாள் முழுக்க கம்ப்யூட்டர், மதியச் சாப்பாடு மூன்றரை மணிக்கு, தூக்கம் நாலு மணி நேரம். இடது புருவத்துக்கு மேலே பிடித்து, கண்ணுக்குப் பின்னால் தெறிக்கும். பக்கத்து வீட்டில் கடுகு தாளித்தால்கூடக் குமட்டும். நரம்பியல் டாக்டர் கொடுத்த புரோப்ரனலால் மாத்திரையை ஒன்றரை வருஷமாகத் தினமும் போட்டு வந்தேன். மாதம் எட்டு தடவை வந்த வலி மூன்றாகக் குறைந்திருந்தது. அந்த மூன்றும் போய்விடாதா என்ற ஆசைதான் என்னை இதில் கொண்டுபோய் விட்டது.

செல்லில் சமையல் வீடியோ பார்க்கும்போது விளம்பரம் வந்தது. 90 நாளில் வேரோடு தீர்வு, முழுக்க மூலிகை. நம்பரைக் கொடுத்த ஐந்தாவது நிமிடம் ஒரு பெண் பேசினாள். விலையே பேசவில்லை. “அக்கா, வலி வந்தா லைட்டை அணைச்சிட்டுப் படுத்துடுவீங்களா? வீட்டுல யாராவது பேசினாக்கூட எரிச்சலா வருமா? சும்மா நடிக்கிறான்னு சொல்றாங்களா?” என்று கேட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் மாமியார் அதே வார்த்தையைச் சொல்லித்தான் இருக்கிறார். இத்தனை வருஷத்தில் ஒருவரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. அரை மணி நேரம் பேசினேன். கடைசியில்தான், “மூணு மாசத்துக்கு 18,500 அக்கா, இன்னைக்கே போட்டா எண்ணெய் இலவசம்” என்றாள். கியூஆர் கோடு அனுப்பினாள். அதில் கம்பெனி பெயர் இல்லை, ஏதோ ஓர் ஆளின் பெயர் இருந்தது. பார்த்தேன். பார்த்தும் பணத்தைப் போட்டேன்.

கூரியரில் இரண்டு டப்பா மாத்திரை, ஒரு பொடி, மூக்கில் விடும் எண்ணெய் வந்தன. டப்பாவில் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, ‘காலை 2 இரவு 2’ என்று பேனாவால் எழுதியிருந்தது. அவ்வளவுதான். லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், தயாரித்த தேதி, முகவரி எதுவும் கிடையாது. நான் குறை சொல்வது சித்த மருத்துவத்தை இல்லை. கடையில் விற்கும் முறையான சித்த மருந்து எதை எடுத்தாலும் டப்பாவில் இதெல்லாம் அச்சிட்டிருக்கும்.

“இங்கிலீஷ் மாத்திரையை இன்னைக்கே நிறுத்திடுங்க, ரெண்டும் சேரக் கூடாது” என்றார்கள். நிறுத்தினேன். நாலாம் நாள் நெஞ்சு படபடப்பு, அப்புறம் வலி. இரண்டு நாளைக்கு ஒரு தடவை என்று வர ஆரம்பித்தது.

போன் செய்தேன். “உள்ள இருக்கிற நச்சு வெளியேறுது அக்கா, நல்ல அறிகுறி.” அடுத்த வாரம், “காபி குடிச்சீங்களா? பத்தியம் உடைஞ்சா நாங்க பொறுப்பில்லை.” அதற்கப்புறம், “டாக்டர் கேம்ப்ல இருக்கார்.” அந்த டாக்டரின் பெயரை மூன்று முறை கேட்டேன், சொல்லவே இல்லை. பிறகு இன்னும் 6,000 கட்டினால் ஸ்பெஷல் லேகியம் அனுப்புகிறோம் என்றார்கள். என் 18,500-ஐத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். டப்பாவைத் திறந்துவிட்டால் பணம் வராதாம். திறக்காமல் எப்படிச் சாப்பிடுவது? அதோடு அக்கா என்ற பேச்சு நின்று, மேடம் ஆனது. நேற்று அனுப்பிய மெசேஜ் ஒற்றை டிக்கோடு அப்படியே நிற்கிறது.

பழைய டாக்டரிடமே போனேன், தலை குனிந்து. அவர் திட்டவில்லை. புரோப்ரனலாலைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்றார். இன்னொன்றும் கேட்டார்: “இந்த மாசம் கடையில வாங்குற வலி மாத்திரை எத்தனை நாள் போட்டீங்க?” எண்ணிப் பார்த்தால் 20 நாள். சாதாரண பாரசிட்டமாலையே மாதம் 15 நாள், இரண்டு மூன்று மருந்து கலந்த கூட்டு மாத்திரையை 10 நாள் என்று மாதக்கணக்கில் போட்டுக்கொண்டே வந்தால், அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவருமாம். இந்த வலியை வேரோடு பிடுங்க முடியாது, குறைத்து வைக்கத்தான் முடியும் என்றும் சொன்னார். அவர் முதல் நாளே சொன்னதுதான் அது. அன்றைக்கு என் காதில் ஏறவில்லை.

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் கோர்வையாக வரவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். தனி ஆள் பெயரில் இருக்கும் கணக்குக்கு மருந்துப் பணம் போடாதீர்கள். டப்பாவில் லைசென்ஸ் நம்பர் இல்லையென்றால் வாயில் வைக்காதீர்கள். ஓடுகிற மாத்திரையை, எழுதிக்கொடுத்த டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். ஏமாந்தது தெரிந்த அன்றே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள். நான் பணம் போட்டு 40 நாள் கழித்து அடித்தேன், பணம் எப்போதோ கை மாறியிருந்தது. நுகர்வோர் உதவி எண் 1915, அங்கேயும் புகார் பதிந்திருக்கிறேன்.

அந்தப் பெண் இந்நேரம் வேறு நம்பரில் வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருப்பாள். “வலி வந்தா லைட்டை அணைச்சிட்டுப் படுத்துடுவீங்களா அக்கா” என்று அன்பாகக் கேட்டால், பதில் சொல்லாமல் போனை வைத்துவிடுங்கள்.