படத்தைப் பற்றி ஒன்றும் கேட்காத வாடிக்கையாளர்: தஞ்சாவூர் ஓவியங்களை ஆன்லைனில் விற்ற அனுபவம்

2019 ஆடி மாதம் முதல் தஞ்சாவூர் ஓவியங்களை ஆன்லைனில் விற்று வருகிறேன். அதற்கு முன்னால் கடைகளுக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது இன்ஸ்டாகிராமில் படம் போடுகிறேன், வாட்ஸ்அப்பில் பேசுகிறேன், உள்நாடு என்றால் யுபிஐ, வெளிநாடு என்றால் பேபால், அனுப்புவதற்கு ஸ்பீட் போஸ்ட். என் கடை இவ்வளவுதான். இந்தக் கடைதான் வீட்டை நடத்துகிறது, அதனால் இதைப் பற்றிக் குறையாக எழுத எனக்கு மனசு வராது. ஆனால் வாடிக்கையாளர் வரும் அதே வாசல் வழியாகத்தான் ஏமாற்றுக்காரர்களும் வருகிறார்கள். இத்தனை வருஷத்தில் நான் பட்டதையும், பட்டபின் மாற்றிக்கொண்டதையும் இதில் சொல்கிறேன். புதிதாக விற்க வரும் பிள்ளைகள் பலர் என்னிடம் கேட்கிறார்கள், அவர்களுக்காகவே எழுதுவது.

பணம் போனது 2023 தீபாவளிக்கு முந்தின வாரம். பதினைந்துக்குப் பன்னிரண்டு அங்குலத்தில் ஒரு ராமர் பட்டாபிஷேகம் முடிந்து, ரேக் என்கிற தங்கத் தகட்டை ஒட்டுகிற கடைசி வேலை ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் போன் செய்தார். தான் ராணுவத்தில் இருப்பதாகவும், வேறு ஊருக்கு மாற்றலாகிப் போவதாகவும், மேலதிகாரிக்குப் பரிசு கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். சீருடையில் எடுத்த படம், அடையாள அட்டை எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தன. விலை பேரமே இல்லை. முன்பணம் 8,500 அனுப்புகிறேன், ஆனால் ராணுவக் கணக்கிலிருந்து பணம் வருகிற முறை வேறு, நான் அனுப்பும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள் என்றார். முதலில் ஐந்து ரூபாய்க்கு ஒரு கோடு. ஸ்கேன் செய்தேன், ஐந்து ரூபாய் போனது, உடனே பத்து ரூபாய் வந்தது. அந்தப் பத்து ரூபாய்தான் என்னை நம்ப வைத்தது. அடுத்த கோடு 8,500க்கு வந்தது. யுபிஐயின் ரகசிய பின் நம்பரைப் போட்டேன். பணம் போய்விட்டது.

“சிஸ்டத்தில் சிக்கல் மேடம், இன்னொரு தடவை ஸ்கேன் செய்யுங்கள், மொத்தமாகத் திரும்பி வரும்” என்று அவசரப்படுத்தினார். இரண்டாவது தடவை போனைத் திறக்க விரல் வைத்தேன், திறக்கவில்லை. விரல் முழுக்க அரபிக் கோந்தும் ரேக்குத் துணுக்குகளும். கை கழுவக் கொல்லைப்புறம் போனபோது அங்கே அக்கா மகள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: “சித்தி, பணம் வாங்குறதுக்கு யாராவது பின் போடுவாங்களா?”

யுபிஐயில் பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. க்யூஆர் கோடை நாம் ஸ்கேன் செய்கிறோம் என்றால் நாம் கொடுக்கிறோம் என்றுதான் அர்த்தம், அதில் விதிவிலக்கு கிடையாது. அப்போதெல்லாம் கலெக்ட் ரிக்வெஸ்ட், அதாவது நம்மிடம் பணம் கேட்கும் கோரிக்கையை, அனுப்பியும் இதே வேலையைச் செய்தார்கள். தனிநபருக்குத் தனிநபர் அனுப்புகிற அந்த வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். நல்ல காரியம். ஆனால் க்யூஆர் கோடு ஏமாற்று அப்படியேதான் இருக்கிறது.

அக்கா மகள்தான் 1930க்குப் போன் போட வைத்தாள். சைபர் குற்றங்களுக்கான இந்த உதவி எண்ணைத் தயவுசெய்து இப்போதே போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள், அப்போது தேட நேரம் இருக்காது. பரிவர்த்தனையின் பன்னிரண்டு இலக்க எண்ணைக் கேட்டார்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவுவதற்குள் தகவல் போனால் அதை நிறுத்தி வைக்க முடியும். எனக்கு 3,000 ரூபாய் நின்றது, அதுவும் கைக்கு வர ஏழு மாதம் ஆனது. மிச்சம் போனது போனதுதான். வங்கியில் முறையிட்டபோது, பின் நம்பரை நானே போட்டிருப்பதால் அவர்கள் பொறுப்பேற்க முடியாது என்றார்கள். ரிசர்வ் வங்கி 2017இல் கொண்டுவந்த பாதுகாப்பு, நமக்குத் தெரியாமல் பணம் எடுக்கப்பட்டால் மூன்று வேலை நாட்களுக்குள் சொல்கிறவர்களுக்குப் பெரிய துணை. நாமே பின் நம்பரைப் போட்டுக் கொடுத்துவிட்டால் அதன்கீழ் நிற்க இடமில்லை.

அன்றைக்கு ராத்திரி அந்த ஆளுடைய செய்திகளை மேலிருந்து கீழாகப் படித்தேன். நாற்பதுக்கும் மேல் இருந்தன. ஒன்றில்கூடப் படத்தைப் பற்றிய கேள்வி இல்லை. தஞ்சாவூர் படம் வாங்குகிறவர்கள் எவ்வளவு கேட்பார்கள் தெரியுமா? ரேக் 22 காரட்டா, கல் ஜெய்ப்பூர் கல்லா, மேடாக்கிப் பூசுகிற மக்கு வேலை எவ்வளவு எழும்பி இருக்கும், பலகை பிளைவுட்டா பலாவா, சட்டம் தேக்கா, பூஜை அறையில் எண்ணெய்ப் புகை பட்டால் என்ன ஆகும். ஒரு அம்மா சீதையின் புடவைக் கரையை மாற்றச் சொல்லி மூன்று நாள் பேசினார். இந்த மனிதர் ராமரா கிருஷ்ணரா என்றுகூடக் கேட்கவில்லை, பணம் எப்படி அனுப்புவது என்பதைப் பற்றி மட்டுமே பேசினார். அன்றிலிருந்து புதியவர் யார் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அமெரிக்காவில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்திக்கு வந்த கடிதமும் இதே ரகம். “உங்கள் ஓவியத்தை என் மனைவி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், திருமண நாளுக்குப் பரிசாகக் கொடுக்க விரும்புகிறேன்” என்று ஆரம்பிக்கும். எந்த ஓவியம் என்று இருக்காது. விலையைவிட அதிகத் தொகைக்குக் காசோலை வரும், மிச்சத்தைப் படத்தை எடுத்துப்போக வருகிற லாரிக்காரருக்கு அனுப்பச் சொல்வார்கள். அங்கே காசோலை போட்ட ஓரிரு நாளிலேயே வங்கி பணத்தை எடுக்க விடும். போலி என்று தெரிய வாரக்கணக்கில் ஆகும், தெரிந்ததும் போட்டவர் கணக்கிலிருந்தே பிடித்துக்கொள்வார்கள். அதற்குள் அவர்களுடைய ஆளான லாரிக்காரருக்குப் போன பணம் போய்ச் சேர்ந்திருக்கும். அவள் அனுப்புவதற்கு முன் என்னைக் கேட்டாள், தப்பித்தாள்.

இங்கே காசோலைக்குப் பதில் போலி மின்னஞ்சல் வருகிறது. பணம் அனுப்பியாகிவிட்டது, கூரியர் எண்ணைக் கொடுத்தால்தான் விடுவிப்போம் என்று எழுதியிருக்கும். நான் மின்னஞ்சலில் உள்ள எதையும் தொடுவதில்லை. தனியாக ஆப்பைத் திறந்து இருப்பைப் பார்ப்பேன், அங்கே இல்லாவிட்டால் பணம் வரவில்லை. வங்கிக் குறுஞ்செய்திக்கும் இதுவே வழி, வங்கி ஒருநாளும் பத்து இலக்க எண்ணிலிருந்து வரவு வைத்ததாகச் செய்தி அனுப்பாது. இன்னொன்று, பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள் பணம் பரிமாறுவதை நிறுத்திவிட்டது. பெங்களூரில் இருப்பவர் பேபாலில் போட்டுவிட்டேன் என்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். வெளிநாட்டுக்காரர் நிஜமாகவே பணம் போட்டுவிட்டு, பார்சலை மட்டும் வேறு முகவரிக்கு அனுப்பச் சொன்னாலும் அனுப்பாதீர்கள். பேபாலின் விற்பவர் பாதுகாப்பு, பரிவர்த்தனையில் உள்ள முகவரிக்கு அனுப்பி, அதற்கு டிராக்கிங் ஆதாரமும் இருந்தால்தான் கிடைக்கும்.

நான் முழுதாகப் புரிந்துகொள்ள நாள் பிடித்த ஏமாற்று போன வருஷம் நடந்தது. அந்த ஆள் படத்தைப் பற்றி நன்றாகவே கேட்டார், அளவு கேட்டார், சட்டம் கேட்டார். 12,000 ரூபாய் படத்துக்கு 20,000 வந்தது. கணக்கில் பார்த்தேன், உண்மையான பணம். தவறிப்போய் அதிகம் போட்டுவிட்டேன், 8,000ஐ என் தம்பி நம்பருக்குப் போட்டுவிடுங்கள் என்றார். யாருடைய பணமோ நம்மிடம் இருக்கக்கூடாது என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது, அனுப்பப் போனேன். அனுப்பியவர் பெயரைப் பார்த்ததும் நின்றேன். என்னோடு பேசியவர் ஆண், பணம் வந்தது ஒரு பெண்ணின் கணக்கிலிருந்து. வங்கிக்குப் போய், வந்த கணக்குக்கே முழுத் தொகையையும் திருப்பச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெண் எங்கோ ஏமாந்தவராக இருக்க வேண்டும் என்று கிளை மேலாளர் சொன்னார். நான் தம்பிக்கு 8,000 அனுப்பியிருந்தால் திருட்டுப் பணம் கைமாறிய வரிசையில் என் கணக்கும் ஒன்றாகியிருக்கும். அந்தப் பெண் புகார் கொடுத்தால் போலீஸ் என் கணக்கை முடக்கச் சொல்லும். குற்றமே செய்யாத எத்தனையோ சிறு வியாபாரிகளின் கணக்கு இப்படி மாதக்கணக்கில் முடங்கிக் கிடக்கிறது.

அதிலிருந்து இரண்டு காரியம் செய்கிறேன். விற்பனைக்கென்று தனிக் கணக்கு, அதில் வருகிற பணத்தை அன்றன்றைக்கே சேமிப்புக்கு மாற்றிவிடுவேன். ஒவ்வொரு விற்பனைக்கும் பில், பேசிய செய்திகள், ஸ்பீட் போஸ்ட் ரசீது மூன்றையும் ஒரே கவரில் போட்டு வைப்பேன். நாளைக்கு யாராவது கேட்டால் இந்தப் பணம் இந்தப் படத்துக்கு வந்தது என்று காட்டக் கையில் ஏதாவது வேண்டும்.

படத் திருட்டையும் சொல்லாமல் விட முடியாது. என் வெண்ணெய்க் கிருஷ்ணர் படத்தை எடுத்து ஒரு போலிப் பக்கத்தில் 1,999 ரூபாய்க்குப் போட்டிருந்தார்கள். பணம் கட்டி ஏமாந்த ஒருவர் என்னைக் கண்டுபிடித்துத் திட்டினார். அவர் அனுப்பிய படத்தின் ஓரத்தில் என் வீட்டு ஜன்னல் கம்பியும் அதில் தொங்கும் மஞ்சள் துணிப்பையும் தெரிந்தன. என் வேலையை வைத்து இன்னொருவரை ஏமாற்றியிருக்கிறார்கள் என்பது, 8,500 போனதைவிட அதிகமாக வலித்தது. இப்போது சிறிய அளவுப் படங்களைத்தான் போடுகிறேன், பெயரை ஓரத்தில் போடாமல் ரேக்கு வேலையின் மேலேயே போடுகிறேன். வாங்குபவர் கேட்காமலே, அவர் பெயரும் தேதியும் எழுதிய சீட்டைப் படத்தின் பக்கத்தில் வைத்து, பலகையின் பின்பக்கத்தையும் திருப்பிக் காட்டி வீடியோ அனுப்புகிறேன். வாங்குபவருக்கும் பயம் இருக்கிறது, அவர் என்னை நம்ப வேண்டுமே.

உடைந்து வந்தது, பாதிப் பணம் கொடு என்கிறவர்களுக்கு முன்கூட்டியே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன்: ஒட்டுப் பிரிக்காத பார்சலிலிருந்து வெட்டில்லாமல் எடுத்த வீடியோ வேண்டும். அது வந்தால் கேள்வி கேட்காமல் சரிசெய்து கொடுப்பேன். இருமுறை கொடுத்திருக்கிறேன். உங்கள் இன்ஸ்டாகிராம் கணக்கை முடக்கப் போகிறோம், 24 மணி நேரத்தில் இந்த லிங்கைத் தொடு என்று மிரட்டி வரும் செய்திகளை அப்படியே அழித்துவிடுங்கள். இன்ஸ்டாகிராம் உண்மையில் அனுப்பிய மின்னஞ்சல்கள் எவை என்று அதன் செட்டிங்ஸிலேயே பார்க்கலாம். கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கிற இரண்டடுக்குச் சரிபார்ப்பை இன்றைக்கே போட்டுவிடுங்கள்.

போன வியாழக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய அம்மா காலத்து அன்னபூரணி படத்தில் கல் உதிர்ந்துவிட்டதாம், அதே மாதிரி ஒன்று வேண்டும், ஆனால் கரண்டி மட்டும் அம்மா வைத்திருந்தது போல நீளக் காம்போடு இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். பழைய படத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பணத்தைப் பற்றி இன்னும் நாங்கள் பேசவே இல்லை.