தம்பி மகளின் ஐஸ் பிளேடு: பட்டறையில் அளந்து பார்த்தது

தம்பி மகள் காரைக்குடியில் ரோலர் ஸ்கேட் ஓட்டிப் பழகியவள். இப்போது டேராடூன் ஹிமாத்ரி ஐஸ் ரிங்கில் ஷார்ட் டிராக், அதாவது சின்ன வட்டத்தில் சுற்றி ஓடும் ஐஸ் ஸ்கேட்டிங் பந்தயம், பழகுகிறாள். அங்கே ஒரு சீனியரிடம் 28,000 ரூபாய்க்குப் பழைய பிளேடு ஜோடி வாங்கியிருந்தாள். தீபாவளி லீவில் நேராக செக்காலையில் இருக்கும் என் லேத் பட்டறைக்கு வந்து பையைத் திறந்தாள்.

"பெரியப்பா, வளைவுல வலது கால் சொன்ன பேச்சு கேக்கல. வெளிய தள்ளுது. கோளாறு பிளேடுலயா, எங்கிட்டயான்னு பாத்துச் சொல்லுங்க."

"வச்சுட்டுப் போத்தா, அளந்து பாக்குறேன்" என்றேன். பத்து நாள் கையில் இருந்தது. வாங்க நினைக்கும் பெற்றோருக்கு உதவுமே என்று எழுதுகிறேன். முந்தையவர் தேய்த்த தேய்ப்பில் கம்பெனிப் பெயர் அழிந்துவிட்டது, அதனால் பிராண்டு சொல்ல முடியவில்லை.

முதலில் இரும்பு. விளிம்புக்குச் சற்று மேலே, நீளவாக்கில் மயிரிழை போல ஒரு கோடு ஓடுகிறது. பார்த்ததும் புரிந்தது: பைமெட்டல். நல்ல ஹாக்ஸா பிளேடும் பேண்ட்சா பிளேடும் செய்கிற அதே வழி. ஸ்பிரிங் ஸ்டீல் பட்டையின் ஓரத்தில் ஹைஸ்பீட் ஸ்டீலை லேசராலோ எலக்ட்ரான் கற்றையாலோ பற்றவைத்து, பிறகு தோய்ச்சல் கொடுத்து, ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும்வரை கிரைண்ட் செய்கிறார்கள். விளிம்பின் கடினம் ராக்வெல் அளவில் 65-ஐ ஒட்டி இருக்கும். முழுப் பட்டையும் அந்தக் கடினத்தில் இருந்தால் வளைக்கும்போது ஒடிந்துவிடும். முதுகில் இருக்கும் ஸ்பிரிங் ஸ்டீல்தான் வளைவைத் தாங்குகிறது. திருப்பாச்சேத்தி அருவாளுக்கு லாரிப் பட்டை தேடுவதும் இந்தக் குணத்துக்காகத்தான். என் தாத்தா இதைக் கையில் எடுத்திருந்தால் கீழே வைத்திருக்க மாட்டார்.

ஷார்ட் டிராக் ஓட்டத்தில் எப்போதும் இடப்பக்கம்தான் திரும்புவார்கள். ஒரு சுற்று 111.12 மீட்டர், அதில் கிட்டத்தட்ட பாதி வளைவு. அதனால் பிளேடையே இடப்பக்கம் லேசாக வளைத்திருக்கிறார்கள். தச்சர் சட்டத்தைப் பார்ப்பது போல ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தால் தெரியும். ஷூவுக்கு நடுவில் பொருத்தாமல் இரண்டு பிளேடையும் இடப்பக்கம் தள்ளிப் பொருத்துவதும் இதற்காகத்தான், சாயும்போது ஷூ ஐஸில் உரசக் கூடாது. பிளேடைப் பிடித்திருக்கும் அலுமினியக் குழாயின் இரு முனையும் மூடியிருக்கிறது, பிளேடு முனையும் உருண்டை. போட்டி விதி குறைந்தது 10 மி.மீ. ஆரம் கேட்கிறது. ரேடியஸ் கேஜ் வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஒருவர் மேல் ஒருவர் விழுகிற விளையாட்டில் இதைப் பார்க்காமல் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

கோளாறு ராக்கரில், அதாவது பிளேடு அடியின் நீளவாக்கு வளைவில், இருந்தது. பிளேடின் அடி நேர்கோடாகத் தெரியும், ஆனால் அது 8 மீட்டர் ஆரமுள்ள பெரிய வட்டத்தின் ஒரு துண்டு. 40 செ.மீ. பிளேடைச் சமதளத்தில் நிறுத்தினால் இரு முனையும் இரண்டரை மில்லி தூக்கி நிற்கும், அவ்வளவுதான். 10 செ.மீ. இடைவெளியில் கால் வைத்த டயல் கேஜில் எங்கே அளந்தாலும் 0.16 மி.மீ. காட்ட வேண்டும். வலது பிளேடு முன்பக்கம் 0.16, நடுவில் 0.15, குதிகால் பக்கம் 0.10. அதாவது பின்னால் ஆரம் 12 மீட்டரைத் தாண்டிவிட்டது. அங்கே எடை போட்டால் பிளேடு நேராகத்தான் போகப் பார்க்கும். பிள்ளை மேல் தப்பில்லை. முன்பு எவரோ சக்கரத்தில் கொடுத்துத் தீட்டியிருக்கிறார்கள். இவ்வளவு நல்ல இரும்பை அப்படிப் பாழாக்கியதைப் பார்த்து வயிறு எரிந்தது.

தயவுசெய்து இதைச் சாணைச் சக்கரத்தில் வைக்காதீர்கள். கத்தி, பாக்குவெட்டி வேறு, இது வேறு. இதற்குக் கூர் என்பது இரு ஓரமும் 90 டிகிரியில் நிற்பது. இரண்டு பிளேடையும் ஜிக்கில், அதாவது அசையாமல் பிடிக்கும் சட்டத்தில், தலைகீழாகப் பக்கத்தில் பக்கத்தில் இறுக்கி, தட்டையான கல்லை இரண்டின் மேலும் சேர்த்து இழுக்க வேண்டும். கடைசியில் பக்கவாட்டில் ஒதுங்கும் பிசிறைச் சின்னக் கல்லால் எடுக்க வேண்டும். எனக்கு வலது மட்டும் என்பதால் தனியாக இறுக்கி, வைரக் கல்லில் ஆறு இரவு தேய்த்தேன். கடைக்கோடியில் 0.4 மி.மீ. போனது. பற்றவைத்த கோட்டுக்குக் கீழே கடின இரும்பு இன்னும் நிறைய இருக்கிறது. அது தீர்ந்துவிட்டால் பிளேடு முடிந்தது. பழசு வாங்குகிறவர்கள் விலை பேசுவதற்கு முன் அந்தக் கோட்டைத் தேடுங்கள்.

28,000 தகும். ஆனால் ஜிக்குக்கும் கல்லுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

டேராடூன் போய் இரண்டாம் நாள் போன் செய்தாள். "பெரியப்பா, வலது கால் இப்ப வளைவுல உக்காருது." இடது பிளேடின் குதிகால் பக்கம் 0.14 காட்டியது, அதை நான் தொடவில்லை. பொங்கலுக்கு வரும்போது திரும்ப அளக்க வேண்டும்.