மூன்று வருஷம் ஆன என் முயல் கூண்டு

போன செவ்வாய்க்கிழமை பொய்கை சந்தைக்கு வந்த மச்சான், அப்படியே கே.வி.குப்பத்தில் எங்கள் வீட்டுக்கும் வந்தான். நான் கூண்டின் தரை வலையை அறுத்துக்கொண்டிருந்தேன். "மூணு வருஷமா வச்சிகினு கீறீங்களே மாமா, நானும் ஒண்ணு கட்டட்டுமா?" என்று கேட்டான். கம்பி கிழித்துக் கையில் ரத்தம். பதில் சொல்கிற நிலையில் நான் இல்லை. இப்போது சொல்கிறேன்.

கூண்டு 3 அடிக்கு 2 அடி, ஒன்றரை அடி உயரம். தரைக்கு அரை அங்குலத்துக்கு ஒரு அங்குலம் வலை, பக்கத்துக்கு 1-க்கு 2. எல்லாரும் கட்டுகிற மாதிரிதான். அந்த 1-க்கு 2-தான் வினை.

முதல் ஈற்றில் 7 குட்டி. தாய் முயல் பெரும்பாலும் நாளைக்கு ஒரு தடவைதான் பால் கொடுக்கும், அதுவும் சில நிமிஷம். ஏதாவது சத்தம் கேட்டு வெடுக்கென்று குட்டிப் பெட்டியிலிருந்து குதித்தால், காம்பை விடாத குட்டியும் கூடவே வெளியே வந்துவிடும். பூனை மாதிரி கவ்விக் கொண்டுபோய் உள்ளே வைக்க முயலுக்குத் தெரியாது. கண் திறக்காத குட்டி ஊர்ந்து ஊர்ந்து ஓரத்துக்கு வந்து, ஒரு அங்குலச் சந்தில் நழுவிவிடும்.

மூன்றாம் நாள் விடியற்காலை புழுக்கைக் குவியல்மேல் இரண்டு கிடந்தன. விரல் நீளம், ரோஸ் நிறம், தொட்டால் சில்லென்று. ஒன்றில் எறும்பு மொய்த்திருந்தது. மற்றதையும் தூக்கிப்போடப் போனேன். அம்மா பிடுங்கி, பழைய வேட்டித் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு தோசை சுடப் போய்விட்டார். நாலாவது தோசையில் கால் அசைந்தது. குளிர்ந்து விறைத்த குட்டியைச் செத்ததென்று முடிவு கட்டக்கூடாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மீந்த தரை வலையில் 4 அங்குலப் பட்டை வெட்டி, அடியில் நாலு பக்கமும் சுற்றிக் கட்டினேன். அவ்வளவுதான் வேலை. அதன் பிறகு பக்கவாட்டில் ஒரு குட்டிகூட விழவில்லை. வெயில் காலத்துக்காகவே கம்பிக் கூண்டுக்குக் கோயில் கட்டலாம். கத்திரி வெயிலில் வேலூர்ப் பக்கம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நாலு பக்கமும் காற்று, மேலே தென்னங்கீற்று, மத்தியானம் ஒரு ஈரச்சாக்கு, தாங்கிவிடும். புழுக்கை தானாகக் கீழே விழும், அதை அள்ளி மல்லிச் செடிக்குப் போடுகிறேன்.

சரி, இப்போது வயிற்றெரிச்சல். முயல் பெரும்பாலும் ஒரே மூலையில்தான் மூத்திரம் பெய்யும். அந்த மூலையில் வெல்டு விட்டுப்போய், இரண்டு கம்பி விலகி, போன வாரம் ஒரு குட்டி தரை வழியாகவே போய்விட்டது. பக்கத்தை அடைத்தேன், தரை திறந்துகொண்டது. வலை வாங்கின கடையில் "ஜிஐ சார், ஆயுசுக்கும் துருவே பிடிக்காது" என்றார்கள். துத்தநாகம் பூசின கம்பியை அப்புறமாக வெல்டு வைத்த வலை அது. சூட்டில் அந்த இடத்துப் பூச்சு எரிந்துபோகும், துரு அங்கேயே ஆரம்பிக்கும். கடையை மட்டும் திட்டினால் நியாயமில்லை, அந்த மூலையை வாரக்கணக்கில் கழுவாமல் விட்டவன் நான்தான். ஆனாலும் மூன்றே வருஷமா?

இந்தத் தடவை ஒவ்வொரு இணைப்பையும் முகத்தருகே வைத்துப் பார்த்து வாங்கினேன். கம்பிகள் சேருமிடத்தில் மெழுகு வழிந்து உறைந்த மாதிரி வெள்ளையாகத் திரண்டிருந்தால், வெல்டு வைத்த பிறகு முக்கியெடுத்த வலை. கருகின புள்ளி தெரிந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வர வேண்டும். விரிக்கும்போது அரை அங்குலத்துக்கு ஒன்றாக நெருங்கி ஓடுகிற கம்பிகள் மேலே வர வேண்டும், பாதத்துக்கு அதுதான் நல்லது. முதல் தடவை இதையும் தலைகீழாகத்தான் போட்டிருந்தேன்.

மச்சானுக்கு என் பதில்: கட்டாதே. கோழி வாங்கு. கோழி தன் குஞ்சைத் தானே பார்த்துக்கொள்ளும், நீ ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் அடித்துத் தரையைத் தடவ வேண்டாம்.

எனக்கு நாளன்றைக்கு இன்னொரு பெட்டை முயலுக்குச் சினையில் 28-ஆம் நாள். அதற்குள் குட்டிப் பெட்டியைக் கழுவி, தேங்காய் நாரைக் காயவைத்து உள்ளே வைத்தாக வேண்டும். புது வலையில் 10 அடி மிச்சம் இருக்கிறது. இன்னொரு கூண்டுக்குத் தரையாகப் போட்டது போக, பட்டைக்கும் வரும்.